கண்ணில்லாத பூதங்கள்

நவம்பர் 9, ஞாயிறு

இன்று கிளப்பில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

தினகரன் தன் புது அணியைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்தான். சுண்டுவிரல் உயரத்தில் பதினோரு அரக்கர்கள். வெளிநாட்டில் யாரோ வர்ணம் அடித்து அனுப்பியது. எல்லோரும் சுற்றி நின்று ஆகா ஓகோ என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"காசு குடுத்தா யாரு வேணா வாங்கலாம் தினா. இந்த சீசனுக்கு நான் பூதகணம் கொண்டாரேன், பாருங்க" என்றேன்.

"கோயில் தூண்ல இருக்குமே, தொப்பையும் முட்டைக்கண்ணுமா, அதுங்களாக்கா?" என்றாள் ஹாஜிரா. குனியமுத்தூரில் அவள் வீட்டு மாடிதான் எங்கள் கிளப்.

"அதுவேதான். பதினொன்னுக்கும் முட்டைக்கண்ணு."

இந்த நோட்டை என்றைக்காவது இவர் எடுத்துப் படித்தால் புரியட்டும் என்று எழுதி வைக்கிறேன். நாங்கள் ஆடுவது காட்டுப்பந்து. பெரிய பலகையில் இரண்டு அணி, பகடை, ஒரு பந்து. பந்தை எதிராளியின் கோட்டுக்கு அப்பால் கொண்டு போகவேண்டும், வழியில் மறிப்பவனை அடித்துச் சாய்க்கலாம். பொம்மைகளைக் கடையில் வாங்கி அப்படியே ஆடுவது பாதிப்பேர். வாங்கி, வெட்டி, வேறு கை வேறு தலை ஒட்டி, இல்லாத ஒன்றை உண்டாக்குவது என் வழி.

ஆனால் யாராக இருந்தாலும் கண் திறப்பு உண்டு. சீசன் தொடங்கும் ஞாயிறு எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, அவரவர் அணித்தலைவனுக்கு அவரவர் கையால், மற்றவர் பார்க்க, கண் எழுதவேண்டும். எழுதியதைத் துடைக்கக் கூடாது. கண் திறப்பதற்கு முன் வார்னிஷ் அடிப்பது அபசகுனம். சிலைக்குக் கண் திறப்பதைப் பார்த்து நான்தான் விளையாட்டாக ஆரம்பித்து வைத்தேன், இப்போது சட்டமாகிவிட்டது. மற்றவர்கள் ஒரு கறுப்புப் புள்ளி வைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். நான் இமைக்கோடு, கருவிழி, அதில் மின்னும் வெள்ளைப் பொட்டு வரை போடுவேன். என் முறை வந்தால் டீ குடிக்கப் போனவர்களும் திரும்பி வருவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

நவம்பர் 13, வியாழன்

பெட்டி வந்துவிட்டது. கை தனி, கால் தனி, தலை தனியாகச் சட்டத்தில் தொங்கும் பிளாஸ்டிக் அரக்கர்கள். பூதகணமாக்கத் தொப்பை வேண்டும், குட்டைக்கால் வேண்டும். தொடையில் பாதியை வெட்டி எறிந்து முழங்காலை இடுப்புக்குக் கீழேயே ஒட்டினால் அந்த உருண்டு வரும் நடை வந்துவிடுகிறது. தொப்பைக்கு, குழாய் ஓட்டை அடைக்கும் இரண்டு வண்ண மாவு. பல்லுக்கு நான் யாரிடமும் போகவேண்டியதில்லை. கல்யாணத்துக்கு முந்தியே பல் லேபில் சேர்ந்தவள். பெரிய மனிதர்கள் பல்செட்டில் பளபளக்கும் அதே அக்ரிலிக்கில் என் பூதங்களுக்குக் கோரைப்பல்.

நாத்தனார் போனில், "இன்னும் அந்த வெட்டி ஒட்டற வேலைதானா?" என்றாள். ஒட்டுவதை விட்டுவிட்டால் வெட்டி வேலை, ஒட்டுகிறேனே என்றேன்.

இவர் காப்பி போட்டுக் கொடுத்தார். அரை டம்ளர். "பால் தீந்துபோச்சு" என்றார். ஃபிரிட்ஜில் ஒரு பாக்கெட் முழுசாக இருந்தது. பம்பு கம்பெனியில் தரச்சோதனை பார்க்கிறவர், மயிரிழை வித்தியாசம் என்றாலும் திருப்பி அனுப்புகிறவர், காப்பியில் மட்டும் பாதி டம்ளர் குறைக்கிறார். கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டும்.

நவம்பர் 18, செவ்வாய்

லேபில் நான் செய்த பல் பிரிட்ஜ் ஒன்று டாக்டரிடமிருந்து திரும்பி வந்தது. ஓரம் சேரவில்லையாம். அந்த டாக்டர் அளவெடுக்கும் லட்சணம் எனக்குத் தெரியாதா. லேப் முதலாளி ஜோஷ்வா சார் அதை எடுத்து வந்தார். மேசையில் வைத்துவிட்டு, "பொறுமையா பண்ணுங்க சுகந்தாமணி, அவசரமில்ல" என்றார். நான் எப்போது அவசரப்பட்டேன்?

அக்ரிலிக் கலக்கும் திரவம் புதுக் கம்பெனியினுடையது. அதில் வாசனையே இல்லை. பக்கத்து மேசை ஷர்மிளா முகமூடி போட்டுக்கொண்டு ஜன்னலைத் திறக்கிறாள், "தலைய வலிக்குதுக்கா, எப்படி நீங்க இதுகிட்டவே உக்காந்திருக்கீங்க" என்கிறாள். இந்தக் காலத்துப் பெண்களுக்கு எல்லாம் அலர்ஜி.

நவம்பர் 23, ஞாயிறு

அருமையான நாள். காலையிலிருந்து தொப்பை. மாவைப் பிசைந்து உருட்டி இடுப்பில் அப்பி, ஈரக் கட்டைவிரலால் ஒரு இழுப்பு. விரல்ரேகை பதிந்தது தோல் மாதிரியே இருந்ததால் அப்படியே விட்டுவிட்டேன். ஒருவன் பந்தைத் தொப்பைக்குள் அமுக்கிக்கொண்டு ஓடுகிறான். ஒருவன் எதிராளியின் காலைக் கடிக்கத் தயாராக வாயைத் திறந்திருக்கிறான். தலைவனுக்குக் கை இரண்டும் மேலே. தூணைத் தாங்குகிற பூதம் தூணைப் போட்டுவிட்டு விளையாட வந்த மாதிரி.

முகம் மட்டும் கொஞ்சம் தொல்லை. ஒருவன் கன்னத்தில் மாவு வழிந்து கண்குழி அடைத்துவிட்டது. சுரண்டப் போனால் இன்னும் மோசமாகும். முகத்தைச் சுற்றி ஒரு துண்டு கட்டிவிட்டேன். களவாணி மாதிரி நன்றாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 29, சனி

கத்தி வழுக்கி இடது கட்டைவிரலில் இறங்கிவிட்டது. மட்டமான பிளேடு. இவர் கட்டுப் போட்டார். கட்டிக்கொண்டே, "கைப்பிடி தடிமனா ஒன்னு செஞ்சு தரட்டுமா?" என்றார். பிளேடு மாற்றினால் போதும் என்றேன்.

என் ஸ்கூட்டர் இன்னும் சர்வீசில் இருக்கிறதாம். ஏதோ உதிரி சென்னையிலிருந்து வரவேண்டுமாம். தீபாவளிக்கு முன்னால் விட்ட வண்டி. லேபுக்கு டவுன் பஸ்ஸில் போய்வருகிறேன். எப்போது கேட்டாலும், "வந்துரும் மணி, வந்துரும்."

டிசம்பர் 4, வியாழன்

லேபில் இப்போது வாங்கும் மெழுகு சரியில்லை. குளிருக்கு இறுகிவிடுகிறது, செதுக்கினால் பிசிறுகிறது. பல்லுக்குப் போடும் கேப் இரண்டு திரும்பி வந்தன.

டிசம்பர் 7, ஞாயிறு

கிளப்புக்கு அணியைக் கொண்டுபோனேன். அடிவர்ணம் முடிந்தது. கல் நிறத்தில் பஞ்சு ஒற்றி, மேலே பாசி, எண்ணெய்க் கறை, விபூதிப் படிவு. தூரிகை நுனி தேவைப்படாத வேலையாகவே பார்த்துப் பண்ணியிருக்கிறேன், பழைய சிலை மாதிரி வருவதற்காக. எல்லோரும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். தினகரன்கூட, "பல்லுங்க்கா, பல்லு நெஜமா மின்னுது" என்றான். மனது நிறைந்திருந்தது.

அப்போது ஹாஜிரா ஒவ்வொன்றாக வரிசையில் நிறுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "ஏனுங்க்கா, இவுங்கள்ல ஒருத்தருக்கும் கண்ணே இல்லீங்களே."

நான் அப்போதுதான் பார்த்தேன் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். துண்டு கட்டியவன் மூன்று பேர். தலைப்பாகை கண்வரை இறங்கியவன் இரண்டு பேர். ஒருவன் குனிந்திருக்கிறான். ஒருவன் முகத்தைக் கையால் பொத்திக்கொண்டு சிரிக்கிறான். இன்னும் இரண்டு பேர் முகத்தில் சேறு. ஒருவன் தூக்கத்திலேயே ஓடுகிறான், இமை மூடியிருக்கிறது. திறந்த முகம் தலைவன் ஒருவனுக்குத்தான், அவன் கண் வெறும் உருண்டை.

"அது ஒரு பாணி ஹாஜிரா. கண்ணு தலைவனுக்கு மட்டும் இருந்தா எடுப்பா இருக்கும்" என்றேன்.

"முட்டைக்கண்ணு பதினொன்னுன்னு சொன்னீங்களேன்னு கேட்டேனுங்க்கா" என்றாள். அவள் குரலில் குத்தல் இல்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

டீ கொஞ்சம் சிந்திவிட்டது. காகிதக் கப், சூடு.

டிசம்பர் 8, திங்கள்

ஹாஜிராவுக்கு என்ன தெரியும். வீடுகளுக்குத் திரைச்சீலை நிறம் சொல்கிற வேலை. கலையில் மறைப்பதும் ஒரு கலை.

அப்பாவை நினைத்துக்கொண்டேன். காரணமில்லாமல். தனியார் டவுன் பஸ் ஓட்டினார். ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் பிரச்சனை இல்லை, இறங்கி டீக்கடையில் நின்றால் டம்ளர் பாய்லர் விளிம்பில் டகடகவென்று தட்டும். தண்ணி போடுகிறான் என்று முதலாளியிடம் யாரோ சொன்னார்கள். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. முதலாளி விசாரிக்கவும் இல்லை, நிறுத்திவிட்டார். குடிகாரன் பெண் என்று எனக்கு ஒரு வரன்கூடத் தட்டிப்போனது. அதற்கப்புறம் அவர் நாலு பேர் எதிரில் டம்ளரைத் தொட்டதில்லை. வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டே உட்காருவார். டாக்டரிடம் போகச் சொன்னால், போனா பேரு வெச்சிருவாங்க என்பார்.

அது அவருக்கு. எனக்குக் கழுத்து எலும்புத் தேய்மானம். பகலெல்லாம் குனிந்து செதுக்குகிற வேலை, யாருக்கும் வரும்.

சாயங்காலம் டிவி பார்க்கும்போது இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குங்க அப்புடிப் பாக்கறீங்க?"

"கைய எதுக்கு அடியில வெச்சு உக்கோந்திருக்கே?"

குளிருகிறது என்றேன். மின்விசிறி நான் போட்டதுதான், அணைத்தேன்.

டிசம்பர் 15, திங்கள்

ஜோஷ்வா சார் அறைக்குக் கூப்பிட்டார். கொஞ்ச நாளைக்குச் செதுக்கும் மேசையை ஷர்மிளா பார்க்கட்டும், நீங்கள் மாவு ஊற்றி அச்செடுக்கிற பக்கம் பாருங்கள் என்றார். லேபில் சேர்ந்த புதிதில் செய்கிற வேலை அது. "நீங்க இருந்தா அந்தப் பக்கம் ஒழுங்காகும்" என்று வெல்லம் தடவினார். சரிங்க சார் என்றேன். வேறு என்ன சொல்வது.

மெழுகு செதுக்கும் என் கார்வரை ஷர்மிளாவிடம் கொடுத்தேன். "உங்க கைராசி எனக்கு வரட்டும்க்கா" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பாத்ரூமுக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கொஞ்சநேரம் நின்றேன். அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. எதற்குப் பயம் என்று இங்கே எழுதப்போவதில்லை.

இவரிடம் சொல்லவில்லை.

டிசம்பர் 20, சனி

தலைவனின் கண். கடுகளவு உருண்டை, அதில் வெள்ளை, வெள்ளையில் கறுப்பு. எத்தனை வருஷமாக எழுதுகிறேன். மூச்சை இழுத்து, பாதி விட்டு, நிறுத்தி, ஒரு தொடல். அவ்வளவுதான் சூட்சுமம்.

துடைத்தேன். மறுபடி எழுதினேன். துடைத்தேன். கறுப்பு மூக்கில் போகிறது, புருவத்தில் போகிறது. தூரிகை முடி பிரிந்துவிட்டது, புதிது வாங்கினேன். விளக்கு மாற்றினேன். நாற்காலிக்குக் கீழே செங்கல் வைத்தேன்.

வெளிச்சம் போதவில்லை.

டிசம்பர் 21, ஞாயிறு

இந்தப் பேனாவும் சரியில்லை. எழுத்து போகப்போகப் பொடிப்பொடியாகப் போகிறது. பழைய பக்கங்களைப் புரட்டினால் வேறு யாரோ எழுதின மாதிரி இருக்கிறது. கிளப்புக்குப் போகவில்லை, ஜலதோஷம் என்று ஹாஜிராவுக்குச் செய்தி போட்டேன்.

டிசம்பர் 28, ஞாயிறு

முடிந்தது. தலைவனுக்குக் கண் வந்துவிட்டது.

இவர் சந்தைக்குப் போயிருந்த நேரம். இவருடைய இடுக்கிக் கருவியை மேசை ஓரத்தில் முடுக்கி, மணிக்கட்டைத் துண்டு சுற்றி அதற்குள் கொடுத்து இறுக்கினேன். தூரிகையை அசைக்காமல் இடது கையால் பொம்மையைக் கொண்டுபோய்த் தூரிகையில் தொட்டேன். எத்தனையோ முறைக்குப் பிறகு ஒரு முறை விழுந்தது. அசல் முட்டைக்கண், இமைக்கோடோடு. பழைய சுகந்தாமணி எழுதின கண். மணிக்கட்டு கன்றிப்போய்விட்டது, பரவாயில்லை.

கிளப்பில் இடுக்கியைக் கொண்டுபோய் முடுக்க முடியாது. அதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டேன். வர்ணம் படக்கூடாத இடத்தில் தடவிக் காய்ந்தபின் உரித்தெடுக்கும் ரப்பர் பால் இருக்கிறது. அதைக் கண்மேல் மெல்லிசாகத் தடவி, காய்ந்ததும் மேலே வெள்ளை பூசிவிட்டேன். பார்த்தால் இன்னும் எழுதாத கண். கண் திறப்பன்று தலையைக் குனிந்து, தூரிகையை வைத்து எழுதுவதுபோல் பாவனை செய்து, காம்பு நுனியால் தோலை உரித்தால் தீர்ந்தது.

இது ஏமாற்று இல்லை. என் கை எழுதினதுதான். நாள் மட்டும் முன்னே பின்னே.

ஜனவரி 3, சனி

இவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "வர்ற வாரம் நரம்பு டாக்டர் ஒருத்தர்கிட்ட பேர் குடுத்து வெச்சிருக்கறேன். ரெண்டு பேரும் போயிட்டு வரலாம்."

"யாருக்குங்க?"

"உனக்குத்தான்."

"எனக்கு என்னுங்க வந்துச்சு? கழுத்து வலிக்கு யாராச்சும் நரம்பு டாக்டர்கிட்டப் போவாங்களா?"

"கழுத்துன்னே வெச்சுக்குவோம். போயிட்டு வந்துரலாம்."

கோபம் வந்துவிட்டது. என்னை என்ன பம்பு என்று நினைத்தாரா, எடுத்து வைத்து அளந்து பார்க்க. சீசன் ஆரம்பிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றேன். அவர் எழுந்தார். தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "தேதி மாத்திக்கறேன்" என்றார். ரசம் ஊற்றும்போது என் கையிலிருந்து கரண்டியை வாங்கி அவரே ஊற்றிக்கொண்டதை இப்போது எழுதும்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். வாசலுக்கு ஸ்டிக்கர் கோலம் ஒட்டினேன். நாத்தனார் வந்து, "என்ன மணி, ஊரே பாக்கற மாதிரி போடுவியே" என்றாள். ஒட்டுகிற வேலைதானே எனக்குத் தெரியும் என்றேன். சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஜனவரி 24, சனி

நாளை கண் திறப்பு. அணியைப் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். பத்துப் பேரும் முகம் மறைத்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள். தலைவன் வெள்ளைக்கண்ணோடு மேலே பார்க்கிறான். உள்ளே கண் இருக்கிறது என்று எனக்கும் அவனுக்கும்தான் தெரியும்.

ஜனவரி 25, ஞாயிறு

உள்ளபடி எழுதுகிறேன்.

ஹாஜிரா வீட்டு மாடியில் நீள மேசை, வெள்ளைக் காகிதம் விரித்து, ஆளுக்கு ஒரு தண்ணீர்க் கிண்ணம், ஆளுக்கு ஒரு விளக்கு. முதலில் தினகரன். ஒரு புள்ளி, இன்னொரு புள்ளி, கைதட்டல். அடுத்து ஹாஜிரா, அவளுடைய எலும்புக்கூட்டுத் தலைவனுக்குச் சிவப்புக் கண். அப்புறம் மற்றவர்கள். கடைசியில் நான். டீ குடிக்கப் போனவர்கள் வழக்கம்போல் திரும்பி வந்து நின்றார்கள்.

குனிந்தேன். தூரிகையைக் கறுப்பில் தொட்டேன், பாவனைக்கு. காம்பைத் திருப்பி ஓரத்தில் கொடுத்து நெம்பினேன். ரப்பர் தோல் சுலபமாக வந்தது.

கண்ணும் அதோடு வந்துவிட்டது.

இடது கண்ணில் சாம்பல் நிற மாவு உருண்டை, மொட்டையாக. வலதைத் தொட்டேன், அதுவும் வந்தது. காம்பு நுனியில் ஒட்டிக்கொண்டு, இமைக்கோடும் வெள்ளைப் பொட்டுமாக என் சொந்தக் கண் என்னையே பார்த்தது. ஏன் என்று அந்த நொடியே புரிந்தது. வார்னிஷ். வார்னிஷ் அடித்திருந்தால் வர்ணம் பிடித்து நின்றிருக்கும். கண் திறக்குமுன் வார்னிஷ் அபசகுனம் என்று நான் வைத்த சட்டத்தை, திருட்டுத்தனம் பண்ணும்போதும் என் கை மீறவில்லை.

"என்னுங்க்கா அது?" என்றான் தினகரன்.

தலைவலி என்று எழுந்துவிடலாம். பொம்மையைக் கீழே போட்டுவிடலாம். இரண்டையும் நினைத்தேன். ஆனால் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதுவும் ஆசையோடு. நான் எழுதப்போகிறேன் என்றுதான் நினைத்தார்கள். சரி, எழுதித்தான் பார்ப்போமே என்று தூரிகையைத் தண்ணீரில் அலசினேன். அது கிண்ணத்தின் விளிம்பில் தட்டியது. டகடகடகவென்று. நிறுத்தப் பார்த்தேன், இன்னும் வேகமாகத் தட்டியது. டீக்கடையில் அப்பா நின்றபோது கேட்ட அதே சத்தம்.

தினகரன்தான், "யாராச்சும் அந்த ஃபேன நிறுத்துங்கப்பா, அக்காவுக்குக் காத்து இடிக்குது" என்றான். யாரோ போய் நிறுத்தினார்கள். சத்தம் இன்னும் நன்றாகக் கேட்டது.

"ஃபேன்ல இல்லீங்க தினா. என்ற கை நடுங்குது" என்றேன்.

சொல்லிவிட்டேன். அந்தச் சொல்லை நான் என் வாயால் சொன்னது இதுதான் முதல் தடவை. இந்த நோட்டிலும் முதல் தடவை.

"வருஷத்துக்கு மேல ஆச்சு. இப்பல்லாம் கண்ணு எழுத முடியலை. அதனாலதான் எல்லாத்துக்கும் துண்டக் கட்டி வெச்சேன். இவனுக்கு வீட்டுலயே எழுதி, மூடிக் கொண்டாந்தேன். உரிஞ்சு போச்சு" என்றேன்.

ஹாஜிரா என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். கையைப் பிடிப்பாள் என்று பயந்தேன். பிடிக்கவில்லை. விளக்கை மட்டும் என் பக்கம் திருப்பி வைத்தாள். "எழுதுங்க்கா. எப்புடி வருதோ எழுதுங்க."

"கோணிக்கும்."

"கோணட்டும். தொடைக்கக் கூடாது. நீங்க வெச்ச சட்டம்."

எழுதினேன். மூச்சை இழுத்துப் பாதி விட்டு நிறுத்தும் வித்தையெல்லாம் பலிக்கவில்லை. கை அதன் இஷ்டத்துக்குப் போகிற வழியில் ஒரு தரம் கண்ணைத் தொட்டது, ஒரு தரம் தவறிப் புருவத்தைத் தொட்டது. வலது கண் வானத்தைப் பார்க்கிறது. இடது கண் மூக்கு ஓரத்தைப் பார்க்கிறது. யாரும் கைதட்டவில்லை. தினகரன் எடுத்துப் பார்த்துவிட்டு, "இவன் எந்தப் பக்கம் பந்து போடுவான்னே தெரியாதுங்க்கா, எங்களுக்குத்தான் ஆபத்து" என்றான். அப்புறம்தான் சிரித்தார்கள். நான் சிரிக்க ஆரம்பித்து அழுகையில் முடித்தேன்.

கீழே இறங்கினால் இவர் நிற்கிறார். என் ஸ்கூட்டரில். வண்டி துடைத்துப் பளபளவென்று இருந்தது.

"உதிரி வந்துருச்சுங்களா?"

"அது எங்கீம் போகலை. கம்பெனி ஷெட்டுலதான் நிக்குது, துணி போத்தி."

"பொய் சொன்னீங்களா?"

"சிங்காநல்லூர் சிக்னல்ல நீ பிரேக் புடிக்கறப்ப பக்கத்து பஸ்ஸுல இருந்து பாத்தேன். கை ஹாண்டில விட்டு நழுவுச்சு. லாரிக்கு ஒரு சாண்தான் எடம் இருந்துச்சு." சாவியைத் திருப்பிக்கொண்டே, "உன்கிட்டச் சொன்னா ஒத்துக்கமாட்டே. வண்டிகிட்டச் சொன்னேன்."

எனக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. பின்னால் ஏறி உட்கார்ந்தேன். பாலம் தாண்டும்போது அவர் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு, "அப்பாவுக்கு வந்ததுதானுங்க" என்றேன். "தெரியும்" என்றார். "லேபுல மாவு ஊத்தற வேலைக்கு மாத்திட்டாங்க" என்றேன். அது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். திரும்பிப் பார்க்காமலே, "எப்ப?" என்றார். டிசம்பரில் என்றேன். தான் அளந்ததில் ஒன்று விட்டுப்போய்விட்டதென்று அவருக்கு வருத்தம்.

ஜனவரி 28, புதன்

டாக்டர் விரலைத் தட்டச் சொன்னார். நடந்து காட்டச் சொன்னார். ஒரு வரி எழுதச் சொன்னார், எழுதினேன், எழுத்து வரி முடிவில் எறும்பாகிவிட்டது. பேனாவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. வாசனை தெரிகிறதா என்று கேட்டார். லேபில் அந்தத் திரவத்தில் வாசனையே இல்லைங்க என்று சொல்ல வாயெடுத்து, ஷர்மிளாவின் முகமூடியை நினைத்து நிறுத்திக்கொண்டேன்.

நோய்க்கு ஒரு பேர் சொன்னார். அப்பாவுக்கு அந்தப் பேரை யாரும் சொன்னதில்லை. அவருக்கு ஊர் வைத்த பேர் வேறு.

மாத்திரை இருக்கிறது. குறைக்கும், நிறுத்தாது. சில வருஷம் நன்றாகவே போகலாம் என்றார். செதுக்கும் வேலை? அதைக் கேட்டதும் அவர் மாத்திரைச் சீட்டை எழுதக் குனிந்துகொண்டார். நாளை ஜோஷ்வா சாரிடம் நானே சொல்லப்போகிறேன். யாரோ போய் வேறு ஏதாவது சொல்வதற்கு முன்னால். அவர் வைத்துக்கொள்வாரா மாட்டாரா, தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 1, ஞாயிறு

முதல் ஆட்டம் தினகரனோடு, மத்தியானம். காலையில் உட்கார்ந்து துண்டுகளைச் சுரண்டி எடுத்தேன். தலைப்பாகைகளை மேலே ஏற்றினேன். சேற்றைத் துடைத்தேன். குனிந்தவன் கழுத்தை வெட்டி நிமிர்த்தி ஒட்டினேன். பொத்தியிருந்தவன் கையை எடுத்து அவன் இடுப்பில் வைத்தேன். தூங்கினவனுக்கு இமைமேலேயே எழுதினேன். பத்துப் பேருக்கும் கண். இடுக்கி இல்லாமல்.

வரிசையில் நிறுத்திப் பார்த்தேன். பதினோரு முட்டைக்கண்ணர்கள், ஆளுக்கு ஒரு திக்கைப் பார்க்கிறார்கள். ஒருவன் என்னைப் பார்க்கிறான்.

இவர் காப்பி கொண்டுவந்து வைத்தார். அரை டம்ளர். எனக்கு அப்போதுதான் உறைத்தது. பால் தீர்ந்துபோனதும் இல்லை, கஞ்சத்தனமும் இல்லை.

"நெறைய ஊத்துங்க" என்றேன்.

என்னைப் பார்த்தார். உள்ளே போய் விளிம்புவரை ஊற்றிக்கொண்டு வந்தார். வலது கையாலேயே எடுத்தேன். பூதங்கள்மேல் கொஞ்சம், நைட்டியில் கொஞ்சம், இந்தப் பக்கத்தில் கொஞ்சம் சிந்தியது. மீதியைக் குடித்தேன்.